பழைய பவர் டில்லரும் உப்புக் காற்றும்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மீன்பிடிப்பே முக்கியத் தொழில். ஆயினும் ஏரிக்குத் தெற்கிலும் மேற்கிலும் திருப்பாலைவனம், காட்டூர், தத்தைமஞ்சி பக்கங்களில் நெற்கழனிகள் உள்ளன. வலை வீசும் குடும்பங்கள் சிலவற்றுக்கும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் கழனி உண்டு. இத்தகைய சிறு பாத்திகளில் பெரிய டிராக்டர் திரும்ப இடமிருக்காது. அதனால் இரண்டு சக்கரப் பவர் டில்லரே ஏற்றது. புதிதாக வாங்க இயலாதவர்கள் பழைய இயந்திரத்தை வாங்கி ஓட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஒரே சிலிண்டர் கொண்ட இந்த டீசல் எஞ்சின்கள் எளிய அமைப்புடையவை. கவனித்துக் கொண்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.

ஆனால் சம்பாப் பட்டத்தில் சேடை ஓட்டும் நேரத்தில் இயந்திரம் நின்றுவிட்டால், பட்டறைக்குப் பொன்னேரி வரை கொண்டு செல்ல வேண்டும். உதிரி பாகத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தால் நாற்று முற்றிவிடும். வடகிழக்குப் பருவமழை நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பையும் சிறு பழுது நீக்கலையும் இப்பகுதி விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

பழைய இயந்திரம் வாங்குவோர் முதலில் அதன் தயாரிப்பைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் டில்லர்களைத் தயாரித்தது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973-இல் தொடங்கப்பட்டு, குபோட்டா மாதிரியில் தயாரித்தது. இவ்விரண்டுக்கும் உதிரி பாகம் கிடைப்பது எளிது. தயாரிப்பு நின்றுபோன வேறு இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, ஒரு கியருக்காக ஊர் ஊராக அலைவதில் லாபமில்லை.

உப்பு நுழையும் வழிகள்

இப்பகுதியில் டில்லர் உழைத்துத் தேய்வதைவிட, உப்பினால் அரிக்கப்பட்டு வீணாவதே அதிகம். கடற்காற்றிலும் கரையோரச் சேற்றிலும் உப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாற்று நீர் வந்து சேர்வதால் ஏரி நீரின் உப்பு குறையும். கோடையில் முகத்துவாரம் அடைபட்டு நீர் வற்றும்போது கடல் நீரையும் மிஞ்சும். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் உட்புகுந்து, பல கிணறுகளின் நீரும் உவர்ப்பாகிவிட்டது.

எனவே ரேடியேட்டரில் எந்த நீரை ஊற்றுகிறோம் என்பது சிறிய விஷயமல்ல. எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகும், ஆனால் உப்பு உள்ளேயே தங்கும். குறைந்த அளவுக்கு மீண்டும் உவர் நீரையே ஊற்றி வந்தால் உள்ளே உப்பு நாளுக்கு நாள் கூடி, குழாய்களில் படிவு கட்டும்; எஞ்சின் சூடேறும்; லைனரின் வெளிப்புறம் அரிக்கும். வாயில் வைத்துக் கரித்தாலோ, சோப்பு நுரைக்காவிட்டாலோ அந்த நீர் ரேடியேட்டருக்கு ஆகாது. மழைக்காலத்தில் கூரையிலிருந்து விழும் நீரை, முதல் மழையை விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால் ஆண்டு முழுவதற்கும் போதும். இதைவிட மலிவான எஞ்சின் மருந்து வேறில்லை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

சேடை முடிந்த அன்றே இயந்திரத்தைக் கழுவ வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் சேறு காய்ந்து, உப்பு இரும்பைப் பற்றிக்கொள்ளும். கழனியிலிருந்து வந்தவுடன் சூடான எஞ்சின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். ஆற விட்டுப் பின் கழுவ வேண்டும். ஏர் கிளீனர் வாயிலும் சைலன்சர் வாயிலும் ஒரு துணியைக் கட்டிக்கொள்வது நல்லது. கழுவிய பின் துணிகளை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால் ஈரம் உலரும். ரோட்டரிக் கத்திகள், அவற்றின் போல்ட்டுகள், இரும்புச் சக்கரங்கள் ஆகியவற்றின் மீது வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயிலைத் துணியால் தடவலாம். பெல்ட்டிலும் டயரிலும் எண்ணெய் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். மிச்ச ஆயிலை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. இறாலும் மீனும் அந்த நீரில்தான் வளர்கின்றன.

வலை நூலும் ஆயில் சீலும்

மற்றப் பகுதி விவசாயிகளுக்கு இல்லாத ஒரு தொல்லை மீனவக் கிராமங்களில் உண்டு. அறுந்த நைலான் வலைத் துண்டுகள் வரப்பிலும் வாய்க்காலிலும் கிடக்கும். இவை ரோட்டரித் தண்டிலும் சக்கர அச்சிலும் சுற்றிக்கொள்கின்றன. வைக்கோல் சுற்றினால் மட்கிவிடும். நைலான் நூலோ மேலும் மேலும் இறுகி, தண்டின் ஓரமாக நுழைந்து ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். அந்த வழியாக ஆயில் வெளியேறும், சேற்று நீர் உள்ளே போகும். பேரிங்கும் செயினும் பல்சக்கரமும் சில நாட்களில் கெடும். ஐம்பது பைசா பெறாத நூல் செய்யும் வேலை இது.

ஆகவே மாலையில் எஞ்சினை நிறுத்திய பின், தண்டின் இரு முனைகளிலும் சுற்றியுள்ளவற்றைக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது, ரோட்டரி லீவர் நியூட்ரலில் இருந்தாலும், கையை நீட்டக் கூடாது.

சீல் கெட்டிருப்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வாரம் ஒரு முறை காலையில், இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும் முன், ரோட்டரிப் பெட்டியின் வடி போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். இரவில் நீர் அடியில் தங்கியிருக்கும். முதலில் நீர் சொட்டினாலோ, ஆயில் மோர் போல வெளுத்திருந்தாலோ சீல் போய்விட்டது என்று பொருள். ஆயிலை முழுவதும் வடித்து, டீசலால் அலசி, புதிய சீல் போட்ட பின்னரே புது ஆயில் நிரப்ப வேண்டும். சீலின் சுருள் கம்பியுள்ள உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, அதே அகலமுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்செலுத்த வேண்டும். நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் சீல் கோணிவிடும். தண்டில் விரல் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது. தண்டைப் பட்டறையில் காட்ட வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டைப் பலம் கொண்டு திருகி முறித்துவிடுவது பலரும் செய்வது. டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊற்றி ஓர் இரவு ஊற விட்டு, தலையில் மெதுவாகத் தட்டி, முதலில் சிறிது இறுக்கும் பக்கம் திருப்பிப் பின் தளர்த்தினால் பெரும்பாலும் கழன்றுவிடும். திரும்பப் பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவ வேண்டும். கத்திகளுக்குப் படகில் பயன்படும் சாதாரண போல்ட்டுகளைப் போடக் கூடாது. அவை கல்லில் பட்டால் அறுந்து, கத்தி பறந்து காலில் பாயும்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால்

படகு எஞ்சினைப் பழுது பார்த்துப் பழகியவர்களுக்கு டில்லர் எஞ்சின் புதிதல்ல. சைலன்சரைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். ஹேண்டிலைச் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்கு வரவில்லை. வெண்புகை வந்தும் பிடிக்காவிட்டால் டீசலில் நீர் கலந்திருக்கலாம், அல்லது அழுத்தம் குறைந்திருக்கலாம். ஓடும்போது கரும்புகை தள்ளினால் ஏர் கிளீனர் அடைப்பு அல்லது அதிக பளு. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

டீசல் தீரும் வரை ஓட்டிவிட்டால் குழாயில் காற்றுப் புகும். டாங்கில் டீசல் நிரப்பி, குழாயைத் திறந்து, முதலில் பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை டீசலை வழிய விட்டு மூட வேண்டும். பிறகு பம்ப்பின் முனையில் அதே போலச் செய்ய வேண்டும். கடைசியாக நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினால் டீசல் துடித்து வரும், அப்போது இறுக்கிவிடலாம். நாசிலைக் கழற்றிப் பீய்ச்சிப் பார்ப்பவர்கள் கையை எதிரே வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

அழுத்தம் குறைவா என்பதை அறிய, டிகம்ப்ரஷன் லீவரைத் தொடாமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும். நல்ல எஞ்சின் ஓரிடத்தில் எதிர்த்து நிற்கும். எதிர்ப்பில்லாமல் காற்று சீறும் ஓசை ஏர் கிளீனர் பக்கம் கேட்டால் உள்வால்வும், சைலன்சர் பக்கம் கேட்டால் வெளிவால்வும், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்தவை. இதைத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போனால், தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு மிஞ்சும். ஹேண்டில் சுற்றும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் தப்பும்.

டீசல் பம்ப்பையும் நாசில் அழுத்தத்தையும் வீட்டில் திருகிப் பார்ப்பது கூடாது. அவற்றுக்கு அளவு பார்க்கும் கருவி வேண்டும். மற்றபடி ஏர் கிளீனரைச் சுத்தம் செய்வது, ஆயில் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் வீட்டு வேலைகளே. புழுதி விதைப்புக்கு உழும்போது ஏர் கிளீனர்க் கிண்ணத்தைத் தினமும் பார்க்க வேண்டும். அதற்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் தடவினால் தூசி ஒட்டக் கூடாது. ஒட்டினால் எங்கோ விரிசல் இருக்கிறது. எஞ்சின் ஆயிலைப் பொதுவாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, சூடாக இருக்கும்போது வடித்து மாற்றுவார்கள். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுக. வி-பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் புதியதன் மேல் மட்டும் பளு விழும்.

ஸ்டியரிங் கிளட்ச் கம்பிகள் உப்பில் முதலில் இறுகுபவை. வாரம் ஒரு முறை எண்ணெய் விட்டு, லீவரை விட்டவுடன் அது தானே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கரையிலிருந்து கழனிக்குள் சரிவில் இறங்கும்போது, எந்தப் பக்க லீவரைப் பிடிக்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் டில்லர் திரும்பும் என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். விடுபட்ட சக்கரம் சரிவில் வேகமாக உருளுவதே காரணம். சரிவில் லீவரைத் தொடாமல், குறைந்த கியரில், கைப்பிடியை அழுத்தித் திருப்புவதே பாதுகாப்பு. ரிவர்ஸ் எடுக்கும் முன் ரோட்டரியை நிறுத்திவிட வேண்டும். பின்னால் வரப்பில் கால் இடறி விழுந்தவர் மீது கத்திகள் ஏறிய விபத்துகள் உண்டு.

வெள்ளத்தில் மூழ்கினால்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையால் பொன்னேரி, பழவேற்காடு பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளம் வடிந்தவுடன், எஞ்சின் ஓடுகிறதா என்று ஹேண்டிலைச் சுற்றிப் பார்ப்பதுதான் பெருந்தவறு. காற்றைப் போல நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது வேகமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மூழ்கியதால் ஆகும் செலவைவிட இது பல மடங்கு.

முதலில் வெளிப்புறத்தை நல்ல நீரில் கழுவ வேண்டும். எஞ்சின், கியர் பெட்டி, ரோட்டரி மூன்றிலும் ஆயிலை வடிக்க வேண்டும். டாங்கு டீசலையும் வடித்துவிட வேண்டும். ஏர் கிளீனரையும் நாசிலையும் கழற்றி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி மிக மெதுவாகச் சுற்றினால் சிலிண்டர் நீர் நாசில் துளை வழியே வெளியேறும். பின் அத்துளையில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் சில முறை சுற்ற வேண்டும். புது ஆயில், புது டீசல் நிரப்பி, காற்று நீக்கி, பளுவின்றிப் பத்து நிமிடம் ஓட்டி, அந்த ஆயிலை மறுபடி வடித்து மாற்ற வேண்டும். இரண்டு முறை ஆயில் செலவாகிறதே என்று தயங்க வேண்டாம். உப்பு நீர் உள்ளே இருந்தால் ஒரு நாளிலேயே துரு தொடங்கிவிடும். மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்றால், ஆயிலை வடித்து, சிலிண்டரில் ஆயில் விடும் வரையிலாவது அன்றே செய்து வைக்க வேண்டும்.

மழைக்கு முன் எச்சரிக்கை வந்தவுடன் டில்லரை மேட்டுக்கு ஏற்றிவிடுவது எல்லாவற்றிலும் எளிது. நவரையோ சொர்ணவாரியோ இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் டீசல் டாங்கை நிரப்பி வைக்க வேண்டும். காலி டாங்கில் ஈரம் வியர்த்து நீராகும். ஹேண்டிலைச் சுற்றி, எதிர்ப்பு வரும் இடத்தில் நிறுத்தினால் இரு வால்வுகளும் மூடியிருக்கும். உப்புக் காற்று உள்ளே போகாது. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்க்கலாம். சக்கரத்தின் கீழ் பலகை போட்டு, மேலே கீற்றுக் கொட்டகை இருந்தால் போதும். பிளாஸ்டிக் தாளால் தரை வரை இறுக்கிக் கட்டக் கூடாது; உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறும். பத்து நாளுக்கு ஒரு முறை கையால் சில சுற்றுச் சுற்றி, மீண்டும் அதே இடத்தில் நிறுத்த வேண்டும்.