வெங்காய வேர்நுனியும் கணினிப் பாடமும்

செல் பிரிதலைக் கரும்பலகையில் வரைந்து விளக்குதல் எளிது. மாணாக்கர் அதைத் தாமே கண்டறியுமாறு செய்தல் எளிதன்று. நுண்ணோக்கி ஒன்றே உள்ள பள்ளியில், ஐம்பது மாணாக்கர் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்த்துச் செல்வதனால் கூர்ந்து நோக்கும் திறன் வளராது. இக்குறையைக் கணினிவழிப் பாடத் தொகுதிகள் எவ்வளவு தூரம் நீக்கக்கூடும் என்பதை ஓர் உதாரணத்தால் ஆராய்வோம்.

அமிர்தா விசுவ வித்யாபீடமும் மும்பை ஸி-டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'ஓலேப்ஸ்' தொகுதியில், 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்குரிய செய்முறைகள் அடங்கியுள்ளன. வெங்காய வேர்நுனியில் மறைமுகப் பிரிவைக் காணுதல் அவற்றுள் ஒன்று. நுனியை வெட்டிப் பதப்படுத்தல், நீர்த்த அமிலமும் அசிட்டோகார்மைன் சாயமும் இடுதல், மெல்லச் சூடேற்றல், மூடுவில்லையால் அழுத்தல் என்னும் வரிசையைத் திரையிலேயே பழகலாம். ஆயினும் விரல் தரவேண்டிய அழுத்தத்தைத் திரை கற்பிப்பதில்லை. அழுத்தம் குறைந்தால் செல்கள் ஒன்றன்மேலொன்று கிடக்கும். வில்லை பக்கவாட்டில் நழுவினால் சிதைந்துவிடும்.

திரையின் உண்மையான பயன், செல்களை எண்ணும் பயிற்சியில் உள்ளது. ஒரே படத்தை இரு மாணாக்கர் தனித்தனியே எண்ணட்டும். 200 செல்களில் 20 செல்கள் பிரிந்துகொண்டிருப்பதாக ஒருவர் காணலாம். மற்றவர் 27 எனலாம். பெரும்பாலும் இவ்வேறுபாடு இன்டர்ஃபேஸ் முடிந்து புரோஃபேஸ் தொடங்கும் எல்லையில் தோன்றுவது. குரோமோசோம்கள் இழைகளாகத் தெளிந்தனவா, உட்கரு இன்னும் மணல் தூவியதுபோல் உள்ளதா என்று இருவரும் வாதித்து ஒரு விதியை வகுத்துக்கொண்டு மீண்டும் எண்ண வேண்டும். ஆசிரியர் விடையைக் கூற அவசரப்படலாகாது. விடையை உடனே காட்டும் தொகுதியாயின், அப்பக்கத்திற்குமுன் நிறுத்திவிடுக.

20 என்பதை ஏற்றால் பிரியும் செல்கள் 100-க்கு 10. செல்கள் யாவும் ஒரே வேளையில் பிரியாமல் கலந்திருப்பதால், ஒரு நிலையிலுள்ள செல்களின் விகிதம் அந்நிலை நீடிக்கும் காலத்தைத் தோராயமாகக் காட்டும். முழுச் சுழற்சி 24 மணி நேரம் எனக் கொண்டால், பிரிவுக்கு ஏறத்தாழ 2 மணி 24 நிமிடம் ஆகும். அசையாத படத்திலிருந்து காலத்தைக் கணிக்கலாம் என்பது மாணாக்கரை வியப்பிலாழ்த்தும்.

இணைய வசதி எட்டாத ஊர்களுக்குச் செல்லும் களப்பணியாளர், படங்களை முன்னரே அச்சிட்டு எடுத்துச் செல்லலாம். எண்ணுவதற்குத் திரை இன்றியமையாததன்று.

இதன்பின் உண்மையான வேரை எடுத்துக்கொள்க. தொகுதியிலுள்ள படங்கள் தெளிவானவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை; மாணாக்கர் செய்த தகட்டிலோ பிரியும் செல் ஒன்றும் தென்படாமற் போகலாம். கடைசி 2 அல்லது 3 மில்லிமீட்டர் பகுதியை விட்டு மேலே வெட்டியிருப்பின், அங்குள்ள செல்கள் பிரிவதை நிறுத்தி நீளத் தொடங்கியிருக்கும். அத்தகட்டை எறிந்துவிடாமல், அதிலுள்ள செல்களின் வடிவத்தை நுனிச் செல்களின் வடிவத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் வரையச் செய்க.