ஒரே சமன்பாடு, பல யந்திரங்கள்
வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் மெக்கானிக்கல் பிரிவில் முதலாண்டு படிக்கிறேன். சிவில், எலக்ட்ரிகல் மாணவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே கணிதப் பாடம். எஞ்சினோடு மல்லாடப் போகிறவனுக்கும் மின்சாரத்தோடு பழகப் போகிறவனுக்கும் ஒரே பாடம் எப்படிப் பொருந்தும்? வகைக்கெழுச் சமன்பாடுகள் பரீட்சைக்கு அப்பால் எனக்கு எதற்கு?
(மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: சுருள்வில்லின் முனையில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு, சற்றே இழுத்து விட்டால் அது ஆடுகின்ற ஆட்டத்தை நிர்ணயிப்பவை மூன்று: பாரத்தின் நிறை, ஆட்டத்தைத் தணிக்கும் உராய்வு, வில்லின் விறைப்பு. இனி ஒரு தூண்டுசுருளையும் மின்தடையையும் மின்தேக்கியையும் தொடராக இணைத்து, அச்சுற்றில் மின்னூட்டம் ஏறி இறங்கும் விதத்தைச் சமன்பாடாக எழுதிப் பாருங்கள். நிறையின் ஸ்தானத்தில் தூண்டலும், உராய்வின் ஸ்தானத்தில் தடையும், விறைப்பின் ஸ்தானத்தில் தேக்குதிறனின் தலைகீழியும் வந்து அமர்ந்திருக்க, எழுத்துகள் மாறினவேயன்றிச் சமன்பாட்டின் ரூபம் அணுவளவும் மாறவில்லை என்பது பிரத்தியட்சமாகும். ஆகவே அந்த இரண்டாம் வரிசைச் சமன்பாட்டை ஒருமுறை செவ்வனே தீர்க்கக் கற்றவன், வண்டியின் ஷாக் அப்சார்பரையும், வானொலியில் நிலையத்தைப் பிரித்தெடுக்கும் சுற்றையும், பூகம்பத்தில் அசையும் கட்டடத்தையும் அறிவதற்குரிய முதற்படியில் ஏககாலத்தில் கால் வைத்தவனாகிறான். உங்கள் மூன்று பிரிவினரையும் ஒரே வகுப்பில் அமர்த்தியிருப்பதன் நியாயம் இதுவே.

மேலும், இப்பாடத்தின் முக்கியமான அத்தியாயங்கள் சில, உலக விவகாரங்களிலிருந்தே பிறந்தவை. திடப்பொருளில் வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்த ஃபூரியர் 1807-இல் பாரிஸ் அறிஞர் சபையின் முன் தம் தொடர்களைச் சமர்ப்பித்தபோது, லக்ராஞ்சி போன்ற மகாமேதையே ஆட்சேபித்தார். நூல் வெளிவர 1822 வரை காத்திருக்க நேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் வாயிலையே மிதியாது, இளமையில் தந்தி அலுவலராக ஊழியம் செய்த ஆலிவர் ஹெவிசைட், கம்பிகளில் மின்சைகை செல்லும் வகையைக் கணிப்பதற்காக, வகையிடுதலை வெறும் இயற்கணிதமாக மாற்றிவிடும் ஓர் உபாயத்தைக் கையாண்டார். நிரூபணம் எங்கே என்று கணித வித்வான்கள் முகம் சுளித்த அந்த உபாயமே, பின்னர் பிராம்விச், டோட்ஷ் முதலியோரின் உழைப்பால் அஸ்திவாரம் பெற்று, லாப்லாஸ் உருமாற்றம் என்னும் பெயரோடு இன்று உங்கள் பாடத்திட்டத்தில் நிற்கிறது.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து, கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். கல்லூரியில் முதல் செமஸ்டர் கணிதத்திலேயே அரியர் வைத்துவிட்டான். டியூஷன் வைத்தால் சரியாகுமா?
(ஒரு தாயார், விருதுநகர்)

பதில்: அம்மா, கணிதத்தின் குறியீடுகள் எம்மொழியிலும் ஒன்றே. ஆதலின் தடை பெரும்பாலும் வினாவின் ஆங்கில வாக்கியத்திலோ, அல்லது பகுதிப் பின்னங்கள், முக்கோணவியல் சூத்திரங்கள், பகுதித் தொகையிடல் ஆகிய பள்ளிப் பாடங்களில் விழுந்த சிறு ஓட்டைகளிலோதான் இருக்கும். பழைய பிளஸ் டூ நூலை எடுத்து அவ்வோட்டைகளை ஒரு விடுமுறையில் அடைத்துவிட்டு, பழைய வினாத்தாள்களின் வாக்கியங்களைத் தன் சொற்களில் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்க்கும்படி மகனிடம் கூறுங்கள். அதன் பிறகும் அவசியமாயின் டியூஷனைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் அவர் கைக்கொள்ள வேண்டும்: விடையைத் தானே சோதித்தல். முதல் வரிசையில் 2, -1 என்றும், இரண்டாம் வரிசையில் -1, 2 என்றும் உள்ள அணியின் ஐகன் மதிப்புகள் 1, 3. அவற்றின் கூட்டுத்தொகை முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகையாகிய 4. பெருக்கற்பலனோ அணிக்கோவையின் மதிப்பாகிய 3. இவ்விரண்டும் ஒத்துவராவிடில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்பது ஆசிரியரின் சிவப்பு மைக்கு முன்னரே தெரிந்துவிடும். அதே எண்களுக்கு ஸ்தூலமான அர்த்தமும் உண்டு. இரு சுவர்களுக்கிடையே மூன்று ஒத்த விற்களால் பிணைக்கப்பட்ட இரண்டு சம நிறைகள், ஒருமித்து ஒரே பக்கம் ஆடுவது ஒரு கதி, எதிரெதிராக ஆடுவது மற்றொரு கதி. பின்னதன் அதிர்வெண் முன்னதைப் போல மூன்றின் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 1.73 மடங்கு. இப்படி எண்ணுக்குப் பின்னாலுள்ள வஸ்துவைக் கண்டுகொண்டவருக்கு மனப்பாடத்தின் சுமை பாதியாகக் குறையும்.

கேள்வி: கம்ப்யூட்டர் மென்பொருள் ஒரு நொடியில் தீர்த்துத் தரும் சமன்பாடுகளை, மாணவர்கள் கையால் பக்கம் பக்கமாகத் தீர்ப்பது காலவிரயம் அல்லவா?
(பாலிடெக்னிக் ஆசிரியர், சேலம்)

பதில்: தங்கள் ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆயினும் மென்பொருள் தீர்ப்பது நாம் எழுதிக் கொடுத்த சமன்பாட்டைத்தான். எழுதிக் கொடுத்தது சரியான சமன்பாடுதானா என்பதை அது விசாரிப்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட டக்கோமா தொங்குபாலம், அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, மணிக்கு ஏறத்தாழ 40 மைல் வேகக் காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி அறுந்து விழுந்தது. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளித் தள்ளி உயர்த்துவது போல, காற்று தன் தாளத்தைப் பாலத்தின் தாளத்தோடு பொருத்தித் தள்ளியதால் விளைந்த ஒத்ததிர்வு இது என்று பாடநூல்கள் பல நெடுங்காலம் எழுதிவந்தன. அவ்விளக்கம் சரியன்று என்று 1991-இல் பில்லா, ஸ்கன்லான் என்னும் இருவர் ஓர் இயற்பியல் சஞ்சிகையில் எடுத்துக்காட்டினர். ஒத்ததிர்வில் வெளிவிசை, சமன்பாட்டின் வலப்புறத்தில், பாலத்தின் அசைவைச் சாராமல் தனித்து நிற்கும். டக்கோமாவிலோ காற்றின் விசை பாலத்தின் அசைவினாலேயே உண்டாயிற்று. எனவே அது இடப்புறம் வந்து தணிப்பு உறுப்போடு கலந்து, அதன் குறியையே எதிர்மமாக்கிற்று. தணிக்க வேண்டிய உறுப்பு ஆட்டத்தை வளர்க்கத் தொடங்கியபின் பாலம் நிலைப்பதெங்ஙனம்?

ஒரு குறி மாறியதால் தீர்வு தேய்வதற்குப் பதிலாகப் பெருகுகிறது என்பதை, சிறிய சமன்பாடுகளைத் தன் கையால் தீர்த்துப் பழகிய மாணவன் கண்ட மாத்திரத்தில் உணர்வான். பழகாதவன் யந்திரம் அச்சிட்ட வளைகோட்டை நம்பிக் கையெழுத்திடுவான். ஆகவே என் அபிப்பிராயம் இது: பக்கம் பக்கமாக நீளும் கணக்குகளை யந்திரத்திடமே ஒப்படையுங்கள், அதனால் மிஞ்சும் வகுப்பு நேரத்தை, சமன்பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் எந்த வஸ்துவைக் குறிக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று மாணவர்களைக் கேட்பதற்குச் செலவிடுங்கள்.