ஓடும் கர்னலில் ஒட்டு

கேள்வி: ஓசூர் ஆலையில் சர்வரை நிறுத்தாமலே லினக்ஸ் கர்னலில் பிழை திருத்தினார்கள். எப்படி முடிகிறது?
– வாசகர், சிங்காரப்பேட்டை

பதில்: இன்டெல் வகை பிராசஸர்களில், பெரும்பாலான கர்னல் பங்ஷன்களின் வாசலில் ஒன்றும் செய்யாத 5 பைட் இடம் விடப்பட்டிருக்கும். திருத்தம் வந்ததும் அங்கே ஓர் அழைப்புக் கட்டளை எழுதப்படும். அது வேலையைப் புதிய பங்ஷனுக்குத் திருப்பிவிடும். ஆபத்து, எழுதும் கணத்தில்தான். அரைகுறையாக எழுதியதை இன்னொரு கோர் படித்தால் சர்வரே விழும். அதனால் முதல் பைட்டில் பிரேக்பாயின்ட் வைத்து, மீதி 4 பைட்டை எழுதிவிட்டு, கடைசியாக முதல் பைட்டை மாற்றுகிறார்கள். அருமையான நுட்பம்! 2015-இல் வந்த லினக்ஸ் 4.0 முதல் இந்த வசதி கர்னலிலேயே உண்டு. அதற்கு முன்பே, 2004-இல், ஓடும் கர்னலில் பிரேக்பாயின்ட் வைத்து வேவு பார்க்கும் கேப்ரோப்ஸ் லினக்ஸில் சேர்ந்தது. அதில் உங்கள் பக்கத்து பெங்களூரு ஐபிஎம் பொறியாளர்களுக்கும் பங்குண்டு. தரவு அமைப்பையே மாற்றும் திருத்தமென்றால் மட்டும் ரீபூட்டுக்கு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.