கையும் கற்கட்டும், வழியும் திறக்கட்டும்

பிரம்மதேசம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உனக்கு ஆசிரியர் பணிக்கான உத்தரவு வந்துவிட்டது, ஜூன் மாதம் பள்ளியில் சேரப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். மனம் நிறைந்துவிட்டது. வாழ்த்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால், வகுப்பறையில் ஆயுள் முழுக்க நின்றவன் என்ற முறையில் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நிதானமாக எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

ஜான் டூயி என்ற பெயரைப் பயிற்சி நிறுவனத்தில் படித்திருப்பாய். ‘செய்து கற்றல்’ என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியும் இருப்பாய். தேர்வோடு அவரை விட்டுவிடாதே. இனிமேல்தான் அவர் உனக்குத் தேவைப்படுவார்.

அவர் 1859-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த தத்துவப் பேராசிரியர். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று புத்தகம் எழுதியதோடு நிற்காமல், 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கி, தன் கருத்து நிற்குமா என்று பிள்ளைகள் நடுவிலேயே சோதித்துப் பார்த்தார். அங்கே பிள்ளைகள் சமைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், நெய்தார்கள். ஒருமுறை பருத்தியையும் ஆட்டு ரோமத்தையும் அவர்கள் கையில் கொடுத்தார்கள். விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கப் பிள்ளைகள் அரை மணி நேரம் போராடியும் ஓர் அவுன்ஸ் தேறவில்லை. ஏன் இத்தனை பாடு? அந்தக் காலத்து மக்கள் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தியது இதனால்தானா? பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகு எது எது மாறியது? கேள்விகள் வரிசையாக வந்தன. விரல் வலியில் தொடங்கிய பாடம் வரலாற்றுக்கும் புவியியலுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதில் நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகளை நெசவாளர்களாக்கும் எண்ணம் டூயிக்கு இல்லை என்பது. வேலை அவருக்கு ஒரு வாசல். அதன் வழியே பிள்ளை உலகத்துக்குள் போக வேண்டும். எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு வளர விடாமல் மனிதனை அடைத்தும்விடும் என்று 1938-இல் எழுதிய நூலில் அவரே எச்சரித்தார். என் கடிதத்தின் சாரமும் அதுதான், பாப்பா. பிள்ளைகளுக்குக் கை வேலை கொடு. கொடுக்கும் ஒவ்வொரு முறையும், இது இந்தப் பிள்ளைக்கு வழியைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்று உன்னையே கேட்டுக்கொள்.

நம் பக்கத்திலிருந்தே ஒரு பாடம் சொல்கிறேன். மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எடுத்துக்கொள். பூ மேலே மஞ்சளாகப் பூக்கிறது, காய் மண்ணுக்குள் இருக்கிறது. பூத்த இடத்திலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போவதைப் பிள்ளைகள் செடியின் பக்கத்தில் குந்தி நாள்தோறும் பார்க்கட்டும். விழுது இறங்கும் பருவத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்களே, எதற்கு என்று கேட்கட்டும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காயே மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது என்பது அப்போது மனப்பாடம் செய்ய வேண்டிய வரியாக இருக்காது. ஒரு கிலோ காயை உரித்துப் பருப்பை நிறுக்கட்டும். ஏறக்குறைய எழுநூறு கிராம் நிற்கும். பொக்கு அதிகமானால் அது குறையும். சதவீதக் கணக்கு அங்கேயே பிறந்துவிடும். அடுத்து மார்க்கெட் கமிட்டியில் அன்றைக்கு என்ன விலை, ஒரு காணிக்கு என்ன செலவு, கையில் என்ன மிஞ்சும் என்று போடட்டும். விதை ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்பது நம் திண்டிவனம்தான், இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் அவை என்பதையும் சொல். தங்கள் ஊர் மண்ணில் அறிவியல் நடக்கிறது என்று தெரிந்த பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் இதே மல்லாட்டைப் பாடத்தைக் கெடுக்கவும் முடியும். உரிக்க வைத்துவிட்டுக் கணக்குப் போட வைக்காமல் விட்டால் போதும், அது கல்வியாக இல்லாமல் கூலியில்லாத வேலையாகிவிடும்.

நம் நாட்டில் இந்த ஆபத்து மற்ற இடங்களைவிடப் பெரிது. கையையும் தலையையும் பிரித்து வைத்த பழக்கம் பழங்காலக் கிரேக்கத்திலிருந்தே வருகிறது, உழைத்தவர் ஒரு பிரிவு, சிந்தித்தவர் வேறு பிரிவு என்று இருந்ததன் விளைவு அது என்று டூயி எழுதினார். நமக்குக் கிரேக்கம் வரை போக வேண்டாம். பக்கத்து எண்ணாயிரத்தில் ராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 340 மாணவர்கள் வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் படித்த கல்லூரியைப் பற்றி, அவர்களுக்கு அளந்த நெல் உட்பட, அது விவரமாகச் சொல்கிறது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. அந்த எழுத்தைக் கல்லில் வெட்டிய கைகளுக்கும், அந்த நெல்லை விளைவித்த கைகளுக்கும் அங்கே பாடம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. இதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தப் பிளவை மூட 1937-இல் காந்தியடிகள் முயன்றார். வார்தாவில் மாநாடு கூடி, ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைத்து, கைத்தொழிலை நடுவில் வைத்த ஆதாரக் கல்வியை வகுத்தார்கள். சேவாகிராமில் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். நூற்பில் கணக்கு, தோட்டத்தில் அறிவியல் என்று நல்ல ஆசிரியர்கள் கையில் அது உயிரோடு இருந்தது. தொழிலின் பின்னே பாடத்தைத் தேடாத இடத்தில் ராட்டினம் மட்டும் சுற்றியது.

பிறகு 1953 வந்தது. ராஜாஜி முதலமைச்சர். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மற்ற நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம். இருக்கிற ஆசிரியரையும் பணத்தையும் வைத்துக்கொண்டு கூடுதலான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். நோக்கத்தைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். விளைவு என்னவாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழில் பிறப்பால் வரும் ஊரில் பெற்றோர் தொழிலைக் கற்றுக்கொள் என்று சொல்வது, அவரவர் தெருவிலேயே இரு என்று சொல்வதுதான். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லிக் களத்தில் இறங்கினார். தமிழகம் கொதித்தது. 1954 மே மாதம் காமராசர் அரசு அதைக் கைவிட்டது. இன்றைக்கும் கைவினைத் திட்டம் எதுவானாலும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று தமிழ்நாடு முதலில் பார்க்கிறது. 2024-இல் மத்திய அரசின் விசுவகர்மா திட்டத்தை அப்படியே ஏற்க முடியாது என்று மாநில அரசு சொன்னதும் இதே கேள்வியால்தான்.

டூயியின் பக்கம் நின்று இதை நம்மிடம் சொல்லத் தகுதியானவர் ஒருவர் இருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தவர். 1936-இல் வந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் தன் ஆசிரியர் என்று அவரை நன்றியோடு குறிப்பிட்டார். ஒருவனுடைய விருப்பத்தையும் திறமையையும் கேட்காமல் பிறப்பதற்கு முன்பே அவன் தொழிலை முடிவு செய்வது சாதி என்று அதில் வாதிட்டார். 1952 ஜூனில் கௌரவ டாக்டர் பட்டம் வாங்க அவர் நியூயார்க் போன நேரத்தில் டூயி இறந்துவிட்டார். தன் அறிவு வாழ்க்கைக்கே அவருக்குக் கடன்பட்டிருப்பதாக அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆசிரியரும் தன் நாட்டில் இதே சண்டையைப் போட்டவர்தான். 1913-இல் இல்லினாய் மாநிலத்தில் தொழில் பள்ளிகளைத் தனியாகப் பிரிக்க முயன்றபோது, அது உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிடும் என்று எதிர்த்தார். செய்து கற்றலும் சமத்துவமும் அவருக்கு ஒரே பேச்சு. ஒன்றை விட்டு மற்றதை எடுத்தால் அது டூயி சொன்ன கல்வியே அல்ல.

இனி உன் வகுப்புக்கு வருகிறேன்.

பள்ளியில் வேலையைப் பங்கிடும்போது, யார் வீட்டுப் பிள்ளைக்கு எது பழக்கம் என்று பார்க்காதே. பானை பற்றிய பாடத்துக்குக் குயவர் வீட்டுப் பிள்ளையை முன்னால் கூப்பிடாதே, எல்லோர் கையிலும் களிமண்ணைக் கொடு. பெருக்குவதும் தண்ணீர் கொண்டு வருவதும் எல்லோருக்கும் முறை வைத்து வரட்டும். அளவு எடுப்பதும், நோட்டில் எழுதுவதும், எழுந்து நின்று விளக்குவதும் அதே முறையில் எல்லோருக்கும் வரட்டும். பெண் பிள்ளைகள் சுத்தியலைப் பிடிக்கட்டும், பையன்கள் கோலத்தின் புள்ளிக் கணக்கைப் போடட்டும்.

எழுத்தையும் எண்ணையும் ஒருநாளும் தளர விடாதே. தாத்தா காலத்தில் பள்ளி வாசலையே மிதிக்காத குடும்பத்துப் பிள்ளைக்கு எழுத்துதான் முதல் சொத்து. பள்ளியில் மண்ணைக் கிளற வைக்கிறார்களே என்று ஒரு அம்மா வந்து கேட்டால், அது நியாயமான பயம். பிள்ளை அன்று எழுதிய நோட்டை எடுத்து அவரிடம் காட்டு.

அதேபோல, பெற்றோரின் உழைப்பைக் கேவலமாகப் பேசும் ஒரு சொல்கூட உன் வகுப்பில் வரக் கூடாது. படிக்காவிட்டால் மாடு மேய்க்கப் போவாய் என்று மிரட்டும் ஆசிரியர்களைப் பார்த்திருப்பாய். அந்த வகுப்பில் மாடு மேய்க்கிறவர் மகனும் உட்கார்ந்திருப்பான். அப்பாவின் தொழிலை மதிக்கவும், அதைவிட்டு வேறு எதையும் தேர்ந்தெடுக்கவும், இரண்டுக்கும் அவனுக்குத் துணிவு வர வேண்டும்.

அரசுத் திட்டங்களும் உண்டு. 2007-லிருந்து மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றல் வந்தது, 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. 2021-இல் இல்லம் தேடிக் கல்வியை நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட திட்டங்களின் அட்டைகளும் கையேடுகளும் உனக்கும் வரும், நன்றாகப் பயன்படுத்து. ஆனால் அட்டையை முடிப்பதே வேலை என்று ஆகிவிட வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளை ஏரிக் கரைக்கோ, மதகுக்கோ, வயலுக்கோ கூட்டிப் போ. அவர்கள் கேட்கும் கேள்விகளை அங்கேயே குறித்துக்கொள். பதில் தெரியாத கேள்வி வந்தால் மழுப்பாமல், சேர்ந்து கண்டுபிடிப்போம் என்று சொல்.

முதல் பருவத்துக்குள் இப்படி ஒரு பாடத்தையாவது நடத்திவிட்டு, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுது. அந்தக் கேள்விகளில், அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை கேட்டது ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்காகவே பாடத்தைத் திட்டமிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்ல ஆசிரியராக நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா