கருவுற்ற காலத்தில் உழைக்கும் முறை

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டின் சுற்றுப்புறத்தில் பருத்தி எடுப்பும் வெங்காயக் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கைவேலையே. கருவுற்றபோதும் அவ்வேலை நிற்பதில்லை. ஆகவே, அதனைத் தீங்கின்றிச் செய்யும் முறையை அங்கத்தினராகிய நாம் அனைவரும் அறிதல் வேண்டும்.

கரு வளர வளர உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. அதைத் தாங்க இடுப்பு மிகுதியாக வளைகிறது. மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் அக்காலத்தில் தளர்கின்றன. முதுகுவலி இவற்றால் நேர்வதே.

பஞ்சை வயிற்றின்மேல் கட்டிய மடியில் நிரப்பினால் முன்பாரம் மேலும் கூடும். ஆகவே மடியை அடிக்கடி கொட்டிவிடுக. குனிந்தே நில்லாமல், தாழ்ந்த மணையில் அமர்ந்து களையெடுக்கலாம். கீழுள்ள பொருளை முழங்கால் மடக்கி எடுக்க வேண்டும். கனத்த மூட்டையைப் பிறர் தூக்கட்டும். தறியில் படமரம் வயிற்றை அழுத்தத் தொடங்கினால், முதுகுக்குச் சாய்மானம் வைத்துத் தார் சுற்றும் வேலைக்கு மாறுவது நன்று.

எவ்வேலையிலும் ஒரே நிலையில் நீடித்தல் ஆகாது. இடையிடையே சிறிது நடந்து, நீர் பருகி, நிழலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தல் நலம். உதிரப்போக்கு, கடுந்தலைவலி, முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், கருவுற்றவர் வேண்டினால் பேற்றுக்கு முந்திய வாரங்களில் கடின வேலை தரலாகாதென ஆலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் விதித்தது. வீட்டுத் தறிக்கும் கூலி வயலுக்கும் அக்காப்பு எட்டவில்லை. அதனைக் குடும்பத்தாரும் நிலமுடையோரும் தாமே அளித்தல் கடன். கூலியைக் குறைக்காது இலகுவான வேலை தருவதே அதற்கு முதற்படி.