தோரணம் கட்டப் போகிறவளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் அக்காவின் கல்யாணம் தை மாதத்தில் கூடிவந்திருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, அது என்னை இரண்டு நாளாக விடவில்லை. “அலங்காரத்தை நாங்களே கையால் செய்தால், காசில்லாமல் செய்தது மாதிரி தெரியாதா ஐயா?” அதற்கு மேலேயே நீ வாங்க நினைத்திருக்கும் பொருள்களின் பட்டியல் இருந்தது: பெயர் வெட்டத் தெர்மாகோல், ஃபோம் ஷீட், குளூ கன், பிளாஸ்டிக் ரோஜாக்கொடி, பலூன். கேள்வியையும் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. உன்மேல் அல்ல. கடையில் வாங்கியதைக் கொண்டுவந்து ஒட்டினால் அது கைவேலை என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்.

முதலில் தெர்மாகோலை அடித்துவிடு. அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சிக்கும் அதே தடைதான். கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்பது அதை வாங்குவதற்குக் காரணமாகாது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கல்யாண அலங்காரம் காசால் ஆனது என்ற எண்ணம் நம்மிடம் பழையதல்ல. அகநானூற்றில் திருமணத்தை விவரிக்கும் பாட்டுகள் இரண்டு உண்டு, 86-ஆம் பாட்டும் 136-ஆம் பாட்டும். வகுப்பில் படித்திருப்பாய், சடங்குகளுக்காகப் படித்திருப்பாய். இப்போது பந்தலுக்காக ஒருமுறை படித்துப் பார். 86-இல் நல்லாவூர் கிழார் காட்டும் வீட்டில் என்ன இருக்கிறது? வரிசையாகக் கால் நட்ட பந்தல், அதன் அடியில் கொட்டிப் பரப்பிய மணல், விளக்கு, தொங்கவிட்ட மாலைகள். அவ்வளவே. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் நீல விதானம், முத்துப் பந்தல், வயிரமணி பதித்த தூண். அது புகார் நகரத்துப் பெருவணிகன் வீட்டுக் கல்யாணம். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு நாம் எல்லோரும் கடன் வாங்குகிறோம்.

எனக்கு எப்போதும் பிடித்தது மூன்றாவது ஒரு இடம். மணிமேகலையில் விழாவறை காதை. இந்திர விழாவுக்கு ஊரை எப்படி அலங்கரிக்க வேண்டும் என்று முரசறைகிற வள்ளுவன் யானைமேல் முரசேற்றி அறிவிக்கிறான். இருபத்தெட்டு நாள் விழா, சோழர் தலைநகரம். பொன்னாலான பாலிகை முதலான அரண்மனைப் பொருள்கள் அதில் வரத்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலின் முதுகெலும்பு எது? தோரணம், பூரண கும்பம், பாவை விளக்கு, காய்க்குலையோடு கமுகு, வாழை, கரும்பு, பூங்கொடி, பழைய மணலை மாற்றிப் புதுமணல். இவற்றை நடுவதற்கும் கட்டுவதற்கும் பரப்புவதற்கும் வேண்டியது ஆள். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நான் இந்தக் காதையைப் பாடத்திட்டத்துக்கு வெளியேயும் நடத்தியிருக்கிறேன், ‘தேர்வுக்கு வருமா ஐயா’ என்று கேட்டவர்களையும் பொருட்படுத்தாமல். தமிழில் அலங்காரக் கலைக்கு ஒரு கையேடு உண்டென்றால் அது மணிமேகலை பாடிய சாத்தனார் எழுதியதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பட்டியலில் உள்ளதைத்தான் இன்றும் நம் ஊர்க் கல்யாண வாசலில் பார்க்கிறோம். கமுகங்குலையோடு இளநீர்க்குலையும் ஈச்சங்குலையும் சேர்ந்திருக்கின்றன, அதுதான் வேறுபாடு.

ஆகவே நீ குறைக்க வேண்டியது பொருளை. கூட்ட வேண்டியது கைகளை.

குருத்தோலையில் தொடங்கு. விரியாத குருத்து வெயிலே படாமல் மூடியிருப்பதால்தான் அந்த வெளிர்மஞ்சள் நிறம் அதற்கு. ஒரு தென்னை மட்டையில் 200-க்கு மேல் ஓலை இருக்கும். அடியிலும் நுனியிலும் குறுகிப்போனவற்றைக் கழித்தாலும் 150 தேறும். ஓலைக்கு ஒரு தொங்கல் மடித்து, சாணுக்கு ஒன்றாகக் கயிற்றில் கட்டினால் நூறு அடிக்கு மேல் தோரணம். ஒரே ஒரு குருத்து! மண்டப வாசலும் உங்கள் வீட்டு வாசலும் இரண்டும் நிறைந்துவிடும். ஆனால் குருத்தை நீயோ உன் தம்பியோ வெட்டப் போகாதீர்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான். கத்தி அதுவரை இறங்கினால் மரமே போய்விடும். மரம் ஏறுகிற ஆளிடம் சொல்லு, காய்ப்பு ஓய்ந்து வெட்டப்போகும் மரமாகப் பார்த்து எடுத்துத் தருவார். குருத்தை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வை. முந்தின நாள் மாலையில் மடித்து இரவில் கட்டு. அதற்கு முன்னால் கட்டினால் முகூர்த்த நேரத்தில் ஓரம் கருத்துவிடும்.

மடிப்பைக் கடிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது. உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற பெரியவரிடம் ஒரு மாலை போய் உட்கார். அவர் விரலைப் பார். ஈழத்தில் இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஓலையில் நான்கு குருவி உருவம் வைத்து மடிப்பது மங்கலத்துக்கு, மூன்று வைத்து மடிப்பது துக்கத்துக்கு. நம் பக்கத்திலும் ஊருக்கு ஊர் வழக்கம் இருக்கும். அதைக் கேட்காமல் காணொளியைப் பார்த்துக் கட்டிவிட்டு, பந்தலில் யாராவது மூத்தவர் முகம் சுளித்தால் அந்த வருத்தம் உன் அக்காவுக்குத்தான்.

மாவிலைக்குக் கொழுந்து பறிக்காதே, சில மணி நேரத்தில் துவண்டுவிடும். முற்றிய கரும்பச்சை இலைதான் நிற்கும். காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து ஈர்க்குத் துண்டால் குத்திவிட்டால் போதும். குருத்தோலையில் உரித்த ஈர்க்கு கையிலேயே இருக்கிறதே, குண்டூசி எதற்கு, ஸ்டேப்ளர் எதற்கு? வாழைமரத்துக்குத் தார் முற்றிய மரமாகக் கேள். குலை தள்ளிய வாழை எப்படியும் வெட்டப்பட வேண்டியதுதான். பக்கக்கன்று அடியில் இருக்கும். தோட்டக்காரரிடம் தாருக்கு விலை பேசி மரத்தோடு வாங்கு. கல்யாணம் முடிந்ததும் தார் பந்திக்கோ வீட்டுக்கோ போகும். மட்டையை உரித்து நார் எடுத்து நனைத்து வைத்தால் பூத் தொடுக்கவும் ஆகும்.

பூவில்தான் எல்லோரும் காசை விடுகிறார்கள். மல்லிகையை மேடையில் தொங்கவிடுவது எனக்குப் பொறுக்காத காரியம். அது கூந்தலுக்கும் மாலைக்கும் உரியது. பக்கத்தில் வந்தால்தான் அதன் பெருமை தெரியும். பத்தடி உயரத்தில் கட்டினால் யாருக்கு மணக்கும்? முகூர்த்த நாளில் அதன் விலை ஏறுவது உனக்கே தெரியும். அலங்காரத்துக்குச் செண்டுமல்லி வாங்கு. சரமாக வாங்காதே, உதிரியாக வாங்கு. இரண்டு நாள் வாடாமல் இருக்கும் என்பதால் விலை ஏறும் முன்பே வாங்கிவிடலாம். ஊசியில் கோப்பதுதான் வேலை. பத்து வயதுப் பிள்ளைகூடக் கோக்கும்.

மலிவான பூவால் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்குத் தோவாளைக்காரர்களைப் பார். நாகர்கோவில் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரின் மாணிக்க மாலை, சிவப்பும் வெள்ளையுமான அரளியையும் நொச்சி இலையையும் வைத்துக் கட்டப்படுவது. வேலியில் நிற்கிற செடிகள்! அந்தக் கைகள் அவற்றை மணி பதித்த பட்டையாக்கிவிடுகின்றன. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கே அது போகிறது. நீ அதை முயல வேண்டாம். அது தலைமுறை வேலை. ஆனால் உன் கேள்விக்கு அதைவிடப் பெரிய விடை என்னிடம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அரளி நஞ்சு. பந்தி நடக்கும் பக்கமும் குழந்தைகள் கையெட்டும் இடத்திலும் அதைக் கட்டாதே.

அடுத்தது மேடை. மணமக்களுக்குப் பின்னால் ஒரு சுவரை எழுப்பி அதை நிரப்புவதிலேயே பாதிக் காசு போகிறது. அந்தச் சுவர் புகைப்படக்காரருக்காக வந்தது என்பது என் கருத்து. அதற்கு முன்னால் அலங்காரத்தின் இடம் வாசலும் பந்தலுமாகத்தான் இருந்தது. வருகிறவர் முதலில் பார்ப்பது வாசல், நின்று செருப்பை விடுவது வாசல். உன் கையிலுள்ளதில் பெரும்பகுதியை அங்கே வை. மேடைக்குப் பின்னால் உன் அம்மாவும் அத்தைமாரும் பெட்டியில் வைத்திருக்கும் பழைய பட்டுச் சேலைகளில் ஒரே நிறத்துச் சாயல் உள்ளவற்றை மடிப்பு விட்டுத் தொங்கவிடு. கிழிசல் விழாமல் மூங்கில் கழியில் போடு, ஆணி அடிக்காதே. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அதற்குமேல் எதையும் சேர்க்காதே.

விருந்தினர் உட்காரும் பக்கத்துக்கு முளைப்பாலிகை வை. சடங்குக்கான பாலிகை தனியாக இருக்கட்டும், இது அழகுக்கு. சின்ன மண்சட்டிகளில் பச்சைப்பயறும் கம்பும் விதைத்து, வெளிச்சம் அதிகம் படாத அறையில் எட்டு நாள் வளர்த்தால் முளைப்பாரியில் வருமே, அந்த இளமஞ்சள் பயிர் வரும். ஒரு பிடி தானியம், கொஞ்சம் எரு, தண்ணீர். இவ்வளவு மலிவான, இவ்வளவு உயிருள்ள அலங்காரம் வேறு இல்லை. அதை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கொடி வாங்குகிறேன் என்கிறாய்!

அந்தப் பழைய பாட்டுகளில் பரப்பிய மணலை இன்று ஆற்றில் அள்ள முடியாது, அள்ளவும் கூடாது. அதன் இடத்தில் கோலம் இருக்கிறது. ஊறவைத்த பச்சரிசியை மையாக அரைத்து, துணியில் தோய்த்து விரல்வழியே விடும் மாக்கோலம். கல்யாணத்துக்கு இரட்டை இழை, சுற்றிக் காவி. போடும்போது கண்ணுக்கே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். பதறி மேலே மேலே பூசாதே. மண்டபத்து வழவழப்பான தரையில் காய்ந்ததும் உதிரும்; ஆகவே வாசற்படிக்கு வெளியே, சொரசொரப்பான சிமெண்டில் போடு.

கடைசியாக ஒன்று, இதை முதலிலேயே செய்ய வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் மண்டபக்காரரிடம் கேட்டுவிடு: வெளி ஆள் அலங்காரம் செய்யலாமா, முந்தின இரவு எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், வாழை கட்டத் தூணில் வளையம் இருக்கிறதா. தங்கள் ஆளைத்தான் அமர்த்த வேண்டும் என்று வற்புறுத்தும் மண்டபங்கள் உண்டு; எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கட்டிய தோரணத்தை அவிழ்க்க நேர்ந்தது. பேச்சாக விடாதே, எழுதி வாங்கிக்கொள். பிறகு முந்தின இரவுக்கு வரக்கூடியவர்களின் பெயர்களை எழுது. தோரணத்துக்கு நான்கு பேர், பூக்கோக்கப் பிள்ளைகள், கோலத்துக்கு இரண்டு பேர், ஏணி பிடிக்க ஒருவர். அவர்களுக்குச் சுக்குக்காப்பியும் உப்புமாவும் உன் செலவுக்கணக்கில் முதல் வரியாக இருக்கட்டும்.

வாசலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எனக்கு எழுது. கயிறு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியன்