மக்னீசியம் போடப் போகும் தங்கைகளுக்கு

பிரசவ வார்டில் புதிதாக டூட்டி ஏற்கும் நர்ஸ் தங்கைகளுக்கு ஒரு மூத்த சிஸ்டர் எழுதுவது.

1. பயந்து தாமதிக்காதீர்கள். பி.பி. 160/110-க்கு ஏறி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று ஒரு கர்ப்பிணி வந்தால், டாக்டர் சொன்ன கையோடு மக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸ் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதானாலும் போட்டுவிட்டே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். வழியிலேயே ஜன்னி வந்துவிடலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை வைத்து நடந்து 2002-ல் வெளியான மாக்பை ஆய்வில், வலிப்பு வரும் ஆபத்தை இந்த மருந்து பாதிக்கு மேல் குறைத்தது.

2. இது பி.பி. மருந்து அல்ல. அதற்கு லேபெட்டலாலோ நிஃபெடிபினோ தனியாகப் போக வேண்டும்.

3. 50 சதவீத ஆம்ப்யூல் 2 மி.லி. என்றால் அதில் 1 கிராம். பிரிட்சார்டு முறையில் நரம்பில் 4 கிராம்: 8 மி.லி. மருந்தோடு 12 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் கலந்து, குறைந்தது 5 நிமிடம் எடுத்து மெதுவாக. பிறகு இரண்டு பிட்டத்திலும் ஆழமாக 5 கிராம் வீதம். மொத்தம் 14 ஆம்ப்யூல். உடைத்தவற்றை ட்ரேயிலேயே வைத்து, இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். "உடம்பெல்லாம் சூடா இருக்கும்மா, குமட்டும், இடுப்பு ஊசி ரொம்ப வலிக்கும், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று முன்னாலேயே சொல்லுங்கள். சொல்லாமல் குத்துவது எனக்குப் பொறுக்காது.

4. 4 மணிக்கொரு முறை 5 கிராம் போடும்முன் மூன்றைப் பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. சிறுநீர் மணிக்கு 30 மி.லி. வர வேண்டும், இந்த மருந்து வெளியேற சிறுநீரகத்தை விட்டால் வேறு வழியில்லை. முழங்கால் துடிப்பு இருக்க வேண்டும். அவள் காலை உங்கள் கையில் தளர்வாகத் தாங்கி, முட்டிச்சில்லுக்குக் கீழே தட்டுங்கள். மருந்து அளவு மீறினால் முதலில் போவது இந்தத் துடிப்புதான். மூச்சு அடங்குவது அதற்குப் பிறகு. அந்த இடைவெளியில்தான் நீங்கள் அவளைக் காப்பாற்ற முடியும். அதனால் கால் பார்க்காமல் சார்ட்டில் டிக் போடாதீர்கள். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் டோஸை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

5. முறிமருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. கட்டிலருகே இருக்கட்டும், பூட்டிய அலமாரியில் அல்ல. ஆம்பு பேகும் கூடவே.

6. மருந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும். பிறக்கும்போது சில குழந்தைகள் துவண்டிருக்கும், மூச்சு மந்தமாக இருக்கும், சப்பிக் குடிக்கத் திணறும். குறைமாதக் குழந்தைகளிடம் அதிகம் கவனியுங்கள். குழந்தை டாக்டரைப் பிரசவத்துக்கு முன்பே கூப்பிட்டு, மொத்த அளவையும் கடைசி டோஸ் நேரத்தையும் சொல்லுங்கள். குழந்தைக்கு ஜென்டாமைசின் எழுதினால் மக்னீசியம் போனதை மறுபடி நினைவூட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால் தளர்ச்சி கூடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். அதுவரை பாட்டிகள் பதறுவார்கள்; உட்கார்ந்து விளக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியட்டும்: 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு இதே மருந்து பெருமூளை வாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் கர்ப்பத்தில் 5-7 நாளுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் குழந்தையின் எலும்பில் சுண்ணச்சத்து குறையும்.

7. குழந்தை பிறந்ததும் ஊசியை நிறுத்தாதீர்கள். பிரசவம், கடைசி வலிப்பு, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம். வீட்டுக்கு அனுப்பும்போது கணவரையும் மாமியாரையும் நிறுத்தி, தலைவலியோ கண் மங்கலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே கூட்டிவரச் சொல்லுங்கள்.